கலண்டர்களுக்குப் பின்னால்

எங்கள் தெருவுக்கு மாப்பிள்ளை விசாரிக்க வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "தங்கமான பொடியன்." கடையில் கேட்டாலும் அதுதான், சலூனில் கேட்டாலும் அதுதான், பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவரிடம் கேட்டாலும் அதுதான். அந்தப் பொடியன் நேற்று யாருடைய தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனான் என்று தெரிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள். பிறகு வீட்டுக்கு வந்து, "ஒரு கலியாணத்தக் குலைச்ச பழி நமக்கு என்னத்துக்கு?" என்று கை கழுவிவிட்டுச் சோற்றில் உட்காருவார்கள்.

எங்கள் பக்கம் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். வாப்பாவும் உம்மாவும் சகோதரர்களும் வருடக்கணக்கில் கல் சேர்த்து, மண் சேர்த்துக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குள், யாரோ சொன்ன அந்த ஒரு பதிலை நம்பி, முன்பின் தெரியாத ஒருவன் ஒரு பையோடு நுழைகிறான். பதில் சொன்னவர்கள் யாரும் அந்த வீட்டுப் பக்கம் பிறகு போவதில்லை.

அஸ்பியா ராத்தா எங்கள் அடுத்த வீடு. நடுவில் என் நெஞ்சளவு உயரத்தில் ஒரு மதில். அவர் தன் வீட்டு முன் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை நடத்தினார். காலையில் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டுக் கேட்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக இழுக்க, அவர் ஒருவர் மட்டும் ராகத்தைப் பிடித்து வைத்திருப்பார். கணவர் றிஸ்மி கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறார். மகள் ஸம்றாவுக்கு நாலு வயது. தன் வாப்பா மௌத்தான பிறகு உம்மா ஆமினாவும் தம்பி றிஷாட்டும் அவரோடுதான் இருந்தார்கள்.

றிஷாட் வயரிங் வேலை செய்தவன். அந்த வேலையில் அவனை அடிக்கக் கல்முனையில் ஆள் இல்லை என்றார்கள். நான் படிக்கிற மேசையின் விளக்கு அவன் பூட்டித் தந்ததுதான். பூட்டி முடித்ததும் சுவிச்சைப் போட்டுப் போட்டு அணைத்து, "இப்ப வாசிடா, கண்ணு கெட்டுப் போனா எனக்கிட்டச் சொல்லு, கண்ணுக்கும் வயரிங் செய்றன்" என்று சிரித்தான். பொத்துவில் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போன இடத்தில், தூங்காமல் வேலை செய்யலாம் என்று கூட இருந்தவன் ஒருவன் ஐஸ் என்கிற போதைப் பொருளைக் கொடுத்திருக்கிறான். அவனும் தூங்காமல் வேலை செய்தான். வேலை முடிந்த பிறகும் தூங்கவில்லை.

அதன் பிறகு அவன் தன் வீட்டிலேயே வேலை செய்யத் தொடங்கினான். பொலிஸ் சுவருக்குள் கமரா வைத்திருக்கிறது என்று ஒவ்வொரு பிளக் பொயின்டாகக் கழற்றினான். சுவிச் போட்டைக் கழற்றினான். மின்விசிறிகளை இறக்கி, மோட்டாரைப் பிரித்து, செப்புக் கம்பியை நூல் நூலாக உருவிப் பார்த்தான். சரியான திருப்புளியை வைத்து, சரியான முறையில், கை நடுங்காமல் கழற்றினான். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. வேலை தெரிந்த கை அப்படியே இருந்தது. மனிதன் இல்லை.

ராத்தா கறுப்பு டேப் சுருள் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தார். அவன் கழற்றிவிட்டுப் போன இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் வயர் நுனிகளுக்கு டேப் சுற்றுவார். நாலு வயதுப் பிள்ளையின் விரல் எவ்வளவு உயரம் வரும் என்று அவருக்குத் தெரியும். பிளக் பொயின்டுகளும் அதே உயரம்தான்.

ஒருநாள் பாட்டு நடுவில் நின்றது. மேசைக்குக் கீழே கிடந்த ஒரு பல்பை ஒரு பிள்ளை எடுத்து வந்து, "டீச்சர், இந்த பல்புக்கு ஏன் மூஞ்சி கறுத்திருக்கு?" என்று கேட்டிருக்கிறது. உள்ளிருந்த கம்பியை எடுத்துவிட்டு, ஐஸைப் போட்டு, அடியில் நெருப்புக் காட்டிப் புகை இழுக்கிற பல்பு. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மார் மறுநாள் ஒருவரும் வரவில்லை. ஒருவர்கூட வந்து ராத்தாவிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. சின்னச் சின்னக் கதிரைகளை அவர் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் வைத்து, சேலையால் மூடினார்.

அதற்குப் பிறகுதான் அவனை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார். இது வருத்தம், ஒரு நோய், மருந்து இருக்கிறது, கதைத்துக் கதைத்துத் தெளிவாக்க ஆட்கள் இருக்கிறார்கள், வாராவாரம் வர வேண்டும், இடையில் விழுந்தாலும் திரும்பி வர வேண்டும், கொஞ்ச காலத்துக்குத் தொழில், கலியாணம் என்று எந்தப் பெரிய முடிவும் வேண்டாம். இவ்வளவையும் ராத்தா வீட்டுக்கு வந்து ஆமினா உம்மாவுக்குச் சொன்னார். எங்கள் வீட்டுக்கே கேட்டது.

உம்மாவுக்கு அதில் ஒன்றுதான் கேட்டது.

"அந்த லைன்லயா நிண்டீங்க?"

"அந்த லைன்லதான் மருந்து குடுக்கிற உம்மா."

"ஆரு ஆரு கண்டது?"

"கண்டா என்ன? அவங்களும் அங்கதானே நிண்டாங்க."

"விசரன் எண்டு பேர் வந்தா ஆருகா பொண்ணு தருவா? சொல்லு பாப்பம், ஆரு தருவா?"

போதைக்காரன் என்றால் பரவாயில்லை, விசரன், பைத்தியக்காரன் என்றால்தான் மானம் போகிறது. ஆமினா உம்மா இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தார். மூன்றாம் நாள் அவருடைய தம்பி மீராசா மரைக்கார் வந்தார்.

மீராசா மரைக்கார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரிய ஆள். போதைக்கெதிராக ஊரில் நடக்கிற எல்லாவற்றிலும் அவர்தான் முன்னுக்கு நிற்பார். சந்தியில் கட்டியிருக்கிற பெனரில் அவர் படமும் இருக்கிறது, விரலை நீட்டியபடி. போதை பாவிக்கிறவனுக்கு எங்கள் பள்ளியில் நிக்காஹ் எழுதுவதில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, ஒலிபெருக்கியில் அதை வாசித்ததும் அவர்தான். நல்ல குரல். கேட்டால் யாருக்கும் கொஞ்சம் நடுங்கும்.

அந்த முடிவால் ஊரில் ஒருவனும் ஐஸை விடவில்லை. ஐஸ் அடிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகள் கதவை இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டன, அவ்வளவுதான். மரைக்காருடைய மூளையோ அதைவிட ஒரு படி மேலே போனது. நிக்காஹ் நடப்பது பெண் வீட்டில். பெண்ணை வெளியூரில் எடுத்தால் எழுதுவது வெளியூர்ப் பள்ளி. அங்கே இந்தச் சட்டம் செல்லாது. மாப்பிள்ளையின் ஊர்ப் பள்ளியில் விசாரித்தாலும், பதில் சொல்லப்போவது அவரே.

"கலியாணம் ஒண்டு முடிச்சு வெச்சா பொறுப்பு வரும். பொறுப்பு வந்தா இதெல்லாம் உட்டிட்டு ஓடும்" என்றார். பெண்ணும் பார்த்துவிட்டார். சம்மாந்துறையில், அப்துல் ஸமட் என்கிற விவசாயியின் மகள், அம்ஹா.

அதன் பிறகு றிஷாட்டைப் பின் அறையில் போட்டுப் பூட்டினார்கள். அவன் மார்க்கப் பிரசாரத்துக்கு ஜமாஅத்தில் போயிருக்கிறான் என்று தெருவுக்குச் சொன்னார்கள். அந்த அறை ஜன்னல் எங்கள் மதிலைப் பார்த்தபடி இருக்கும். முதலில் சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அழுகை. பிறகு ஒன்றுமில்லை. எங்கிருந்தோ வாங்கி வந்த தூக்கக் குளிசையைக் கொடுத்து அவனைத் தூங்கவைத்தார்கள், எழும்பினால் சாப்பிடவைத்தார்கள், திரும்பத் தூங்கவைத்தார்கள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

"முகம் தெளிஞ்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதைச் சொல்வது போலச் சொன்னார்.

றிஸ்மி மச்சானும் கட்டாரிலிருந்து அதையேதான் விரும்பினார். "நான் லீவுல வாறத்துக்குள்ள அவன எங்கயாச்சும் அனுப்பி முடிங்க" என்று தொலைபேசியில் சொன்னார். உம்மாவுக்கு மகன் கலியாணம் கட்டிய மனிதனாகிவிடுவான். மரைக்காருக்குக் குடும்ப மானம் தப்பும். றிஸ்மிக்கு வீடு கிடைக்கும். ராத்தாவுக்கே டேப் சுற்றுகிற வேலை இல்லாமல் போகும், பிள்ளைகளும் கதிரைகளுக்குத் திரும்பி வரலாம். எல்லோருக்கும் நல்லது. சம்மாந்துறையில் ஒரு பெண்ணைத் தவிர.

பார்க்க வருகிற நாளுக்கு முதல் நாள் ஆமினா உம்மா கலண்டர் சேர்த்தார். மளிகைக் கடைக் கலண்டர், நகைக் கடைக் கலண்டர், உரக் கம்பனிக் கலண்டர். எங்கள் வீட்டுக்கும் வந்து இரண்டு வாங்கிப் போனார். எதற்கென்று என் உம்மா கேட்கவில்லை. தெரியும்.

அப்துல் ஸமட்டும் மனைவி நாச்சியாவும் ஒரு வேனில் வந்தார்கள். உறவுக்காரர் சிலரும் கூட வந்தார்கள். எங்கள் தெருவின் பெரிய மனிதர் என்று என் வாப்பாவை அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். வாப்பாவோடு நானும் போய் ஒரு ஓரக் கதிரையில் உட்கார்ந்தேன். பெண்கள் உள் அறையில். நடுவில் ஒரு திரைச்சீலை.

ஸமட் வெயிலில் காய்ந்த முகம். சட்டைக் கொலரில் புதிதாக இஸ்திரி போட்ட மடிப்பு விறைப்பாக நின்றது. உட்கார்ந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"ஃபேனக் கொஞ்சம் போட்டு உடுங்களன் மச்சான்."

மேலே ஃபேன் தொங்கிய கொழுக்கிகள் மட்டும்தான் இருந்தன.

"சேர்விஸுக்குக் குடுத்திரிக்கி" என்றார் மரைக்கார்.

"எல்லாத்தையும் ஒண்டாவா? வயரிங்காரன்ட ஊட்டுலயே?"

"ஊருக்கெல்லாம் பூட்டிக் குடுக்கிறவனுக்குச் சொந்த ஊட்டப் பாக்க நேரமேது மச்சான்!"

ஸமட் நன்றாகச் சிரித்தார். நல்ல மனிதர். சிரிக்க இடம் கிடைத்தால் சிரிக்கிறவர். மரைக்கார் ஒரு பழைய ஃபைல் அட்டையை எடுத்து அவருக்குக் கொடுத்தார். அவர் அதை விசிறிக்கொண்டே என் வாப்பாவிடம் கேட்டார்.

"மாஸ்டர், நீங்க பக்கத்து ஊடு. பொடியன் எப்பிடி?"

வாப்பா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "தங்கமான பொடியன்" என்றார்.

றிஷாட்டை அறையில் போட்டுப் பூட்டியிருந்த நாட்களில் அந்தச் சுவர்ச் சத்தத்துக்கு வாப்பா ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்ததை நான் பார்த்திருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் நாச்சியாவின் குரல். "என்னகா இது, ஊடு முழுக்கக் கலண்டர்? கலண்டர் கம்பனி வெச்சிரிக்கீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"இஞ்ச பாருங்க, இது போன வருஷத்துக் கலண்டர்! இதென்ன, முழங்காலுக்குக் கீழ கொழுவி இரிக்கீங்க?"

"புள்ள பாக்கட்டும் எண்டுதான்" என்றார் ஆமினா உம்மா. "அவளுக்கு நாள் எண்ணிப் பாக்க விருப்பம்."

பிறகு றிஷாட்டைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஸலாம் சொன்னான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முன்னால் இருந்தவர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்திருக்கும். நான் ஓரத்தில் இருந்ததால் அந்த விரல்கள் இல்லாத ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"மகன், நம்மட ஊட்டு வயரிங்க எப்ப வந்து பாக்கிற?" என்றார் ஸமட். "இன்னம் பூட்டல்ல. மாப்பிள்ள வயரிங்காரன் எண்டதும், அவரே வந்து பூட்டட்டும் எண்டு அப்பிடியே உட்டு வெச்சிரிக்கன்."

றிஷாட் திரைச்சீலையைப் பார்த்தான். அங்கே ராத்தாவின் கால் தெரிந்தது.

"இன்ஷா அல்லாஹ்" என்றான். உடனே அவனை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பின் அறைப் பூட்டில் திறப்புத் திரும்புகிற சின்னச் சத்தம்.

ஸமட்டுக்கு மனம் நிறைந்துவிட்டது. மனம் நிறைந்தவர்கள் தேவைக்கு மேல் கதைப்பார்கள்.

"ஒரே பொம்புளப் புள்ள எனக்கு. ஒரு வயலக் குடுத்துத்தான் ஊட்டக் கட்டின. அவளுக்கு இருட்டு எண்டா சரியான பயம் மச்சான். இவ்வளவு வளந்தும் கரண்ட் போனா உம்மாட முந்தானையப் பிடிச்சிட்டுத்தான் நிப்பா. மாப்பிள்ள வயரிங்காரன் எண்டு சொன்னதும் என்ன சொன்னா தெரியுமா? 'அப்ப எனக்கு இனி இருட்டு இல்ல வாப்பா' எண்டா." அவர் அட்டையால் தன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

திரைச்சீலை விலகியது.

அஸ்பியா ராத்தா கையில் இன்னொரு தேத்தண்ணித் தட்டோடு ஆண்கள் இருந்த மண்டபத்துக்குள் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தட்டை நடு மேசையில் வைத்தார். நேராகச் சுவருக்குப் போய் நகைக் கடைக் கலண்டரைக் கழற்றி நிலத்தில் வைத்தார்.

சுவரில் ஒரு சதுரப் பொந்து. கறுப்பு டேப் சுற்றிய மூன்று வயர்கள், நாக்குகள் போல.

"இது என்ட தம்பி கழட்டினது" என்றார். குரல் பெரிதாக இல்லை. "பொலிஸ் கமரா வெச்சிரிக்கி எண்டு கழட்டினது. ஐஸ் அடிச்சா அப்பிடித்தான் தெரியுமாம்."

"அஸ்பியா! உள்ளுக்குப் போ!" மரைக்கார் எழும்பினார்.

"போறன் மாமா. இன்னம் கொஞ்சம் கெடக்கு."

உரக் கம்பனிக் கலண்டரைக் கழற்றினார். பொந்து. கதவுக்குப் பக்கத்தில் இருந்ததைக் கழற்றினார். பொந்து. குனிந்து, முழங்காலுக்குக் கீழே இருந்ததைக் கழற்றினார். உள் அறையில் யாரோ பெண் "யா அல்லாஹ்" என்றது கேட்டது. அவர் அவசரப்படவில்லை. கலியாண வீட்டுக்குச் சோடனை செய்கிறவரைப் போல ஒவ்வொன்றாகச் செய்தார்.

"என்ட தம்பி நல்லா வயரிங் செய்வான்" என்றார் ஸமட்டைப் பார்த்து. "பொய்யில்ல. ஒங்கட ஊட்டுக்கும் வந்து நல்லாச் செய்வான். பொறகு ஒவ்வொண்டாக் கழட்டுவான். ஒங்கட மகள் டேப்ப வெச்சிட்டுப் பின்னால திரிவா. இருட்டுக்குள்ள."

"அவன் நல்லாகிட்டான்!" மரைக்காரின் ஒலிபெருக்கிக் குரல் அந்தச் சின்ன மண்டபத்தில் இடித்தது. "இது பொறாமையில சொல்றா! அவன் எவ்வளவோ நாளாத் தொடல்ல! கலியாணம் முடிச்சா மிச்சமும் சரியாப் போயிரும்!"

"பூட்டி வெச்சா எப்பிடித் தொடுவான்? இப்பயும் உள்ளுக்குப் பூட்டித்தான் கெடக்கான்." ராத்தா திரும்பினார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அழவில்லை. "கலியாணம் முடிச்சா என்ன மாமா சரியாப் போகும்? அந்தப் புள்ள என்ன குளிசையா? காலையில ஒண்டு, ராவைக்கி ஒண்டு குடிக்கிறத்துக்கு?"

ஸமட் மெதுவாக என் வாப்பாவைப் பார்த்தார்.

"மாஸ்டர். தங்கமான பொடியன் எண்டீங்களே."

வாப்பா கோப்பைக்குள் பார்த்தார். "எனக்கு... உள்ளுக்கு நடக்கிற அவ்வளவா வெளங்கா" என்றார்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய் அது.

ஸமட் எழும்பி அந்த அட்டையை மேசையில் வைத்தார். மரைக்காரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ராத்தாவிடம்தான் கோபப்பட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "இத ஒரு கிழமைக்கி முந்திச் சொல்லி அனுப்பியிருந்தா என்ன புள்ள? ஊரெல்லாம் சொல்லிட்டம். என்ட மகள் ஊருக்கு என்ன பதில் சொல்லுவா?"

"ஓம், அது என்ட பிழை" என்றார் ராத்தா. "ஒருத்தரும் என்ன ரோட்டுக்கு உடல்ல. அதையும் மீறி வந்திரிக்கோணும்."

வெளியே போகும்போது நாச்சியா வாசலில் நின்று, கீழே கிடந்த கலண்டர் ஒன்றை எடுத்துச் சுருட்டி, ராத்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேனின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆமினா உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "சொந்தத் தம்பிட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே! நீ எனக்குப் புள்ளையில்ல!" அன்று பின்னேரமே உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு மரைக்கார் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது அறைத் திறப்பை முற்றத்தில் எறிந்தார். அதை மணலுக்குள் தேடி எடுத்தது ஸம்றா.

ராத்தா திறப்போடு அறை வாசலில் நின்றபோது மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். உள்ளிருந்து றிஷாட்டின் குரல் வந்தது.

"ராத்தா, தொறக்காத."

"ஏண்டா?"

"தொறந்தா போயிருவன். இந்தச் சட்டையோடயே போயிருவன்."

"எங்க போவாய்?"

அவன் "கிளினிக் நாள் எது?" என்று கேட்டான்.

"செவ்வாய்க்கிழமை."

"அண்டைக்குத் தொற."

"அதுவரைக்கும் பூட்டி வெக்க நீ என்ன மாடாடா?" என்றார் ராத்தா. கதவு திறந்தது. அவர் அந்த வாசலில்தான் பாய் போட்டு இருந்தார், செவ்வாய் வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை அவர் ஓட்டோ பிடிக்கவில்லை. ஓட்டோவில் போனால் யாரும் பார்க்காமல் போகலாம். அவர் அவனையும் ஸம்றாவையும் கூட்டிக்கொண்டு நட்ட நடுத் தெருவால் நடந்து போனார். சலூனைத் தாண்டி, கடையைத் தாண்டி, சந்தியில் மரைக்கார் விரலை நீட்டிக்கொண்டிருக்கிற பெனரைத் தாண்டி. கடை வாசலில் நின்றவர்கள் கதையை நிறுத்தினார்கள். ஒருவன் மட்டும், "எங்க ராத்தா, மாப்பிள்ள ஊர்வலமா?" என்று கேட்டான்.

"ஓம். ஒன்ட பொடியனையும் அனுப்பு, ஒண்டாப் போவம்" என்றார் ராத்தா. அவன் கடைக்குள் போய்விட்டான்.

இதைப் படித்துவிட்டு அதன் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று நினைக்காதீர்கள். றிஷாட் சில மாதங்கள் ஒழுங்காகப் போனான். பிறகு ஒரு நாள் காணாமல் போனான். திரும்பி வந்தபோது கண்கள் பழையபடி விழித்துக்கொண்டிருந்தன. ராத்தா அடிக்கவில்லை, அழவில்லை, அடுத்த செவ்வாய் திரும்பவும் நடத்திக்கொண்டு போனார். டொக்டர் ஏசவே இல்லையாம். "வந்திட்டீங்கதானே" என்று மட்டும் சொன்னாராம். எங்கள் ஊரில் அவனிடம் யாரும் அந்த ஒரு சொல்லைச் சொன்னதில்லை.

றிஸ்மி மச்சான் லீவில் வந்தார். வந்தது தன் உம்மா வீட்டுக்கு. "எனக்கு அந்த ஊட்டுல இடமில்லையா?" என்று தொலைபேசியில் கேட்டாராம். "இரிக்கி. அவனுக்கும் இரிக்கி. இது என்ட ஊடு" என்று ராத்தா சொன்னார். அவர் வரவில்லை. பிள்ளையை மட்டும் கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி விமானம் ஏறினார். பாலர் பாடசாலைக் கதிரைகள் இன்னும் சேலைக்குள்தான். ராத்தா இப்போது இடியப்ப மா வறுத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். சில கடைகள், யார் வறுத்தது என்று சொல்லாமல் விற்கின்றன.

ஆனால் ஒன்று நடந்தது. ஸமட் சம்மாந்துறையில் போய் என்ன சொன்னாரோ தெரியாது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை எடுக்கிற வெளியூர் ஆட்கள் ராத்தா வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். கடையிலும் சலூனிலும் கேட்டு, 'தங்கமான பொடியன்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, பிறகு பின்பக்கக் குறுகிய ஒழுங்கையால் வந்து பின் கேட்டைத் தட்டுவார்கள். முக்காட்டை இழுத்து மூடிய தாய்மார், தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்த வாப்பாமார். "புள்ள, இந்தப் பொடியன் எப்பிடி?" என்று மெதுவாகக் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். நல்ல பொடியனை நல்ல பொடியன் என்றும் சொல்வார். அப்படிச் சொன்ன இடத்தில் இரண்டு கலியாணம் நடந்திருக்கிறது. ஒன்றுக்கும் அவரை அழைக்கவில்லை.

போன மாதம் அஸர் தொழுகை முடிகிற நேரம் பின் கேட்டில் தட்டுகிற சத்தம். நான் மதிலோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தால், மீராசா மரைக்கார். அன்றைக்குப் பிறகு அந்த வளவுக்குள் அவர் கால் வைத்தது அப்போதுதான். உட்காரவில்லை. முற்றத்தில் வறுத்த மாவைப் பரப்பியிருந்த பாயைச் சுற்றி நடந்து வந்து நின்றார். அவருடைய மகள் சிபானாவுக்குப் பேசுகிறார்களாம். உள்ளூர்ப் பொடியன். பெயரைச் சொன்னார். ஒலிபெருக்கி இல்லாமல் அவர் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் கேட்டேன்.

ராத்தா மாவைக் கிளறிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

அவர் ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட வேண்டும் என்று நான் விரும்பினேன். அல்லது, உங்கள் வாயால் என் தம்பி நல்லாகிவிட்டான் என்றீர்களே, இப்போது போய்க் கடையில் கேளுங்கள் என்றாவது சொல்ல வேண்டும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"எடுக்காதீங்க மாமா" என்றார்.

"நீ கண்டியா?"

"றிஷாட் கண்டிரிக்கான்."

"கிளினிக்குலயா?"

"கிளினிக் லைன்ல நிண்டிருந்தா எடுங்க எண்டு சொல்லியிருப்பன். அவன் நிண்டது மத்த லைன்ல, ஐஸ் வாங்கிற லைன்ல."

மரைக்கார் தலையைக் குனிந்து மாவைப் பார்த்தார். நன்றி என்று சொல்லவில்லை. உம்மா எப்படி இருக்கிறார் என்று ராத்தா கேட்டதற்கு, "இரிக்கா" என்றார். பிறகு வந்த வழியால் போகத் திரும்பினார்.

அதற்குள் ராத்தா எழும்பிப் பின் கேட்டை அடைத்துப் பூட்டுப் போட்டார். திறப்பை இடுப்பில், அந்த டேப் சுருளுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

"முன் கேட்டால போங்க மாமா."

"புள்ள, தொழுகை முடிஞ்சு எல்லாரும் ரோட்டுல நிப்பாங்க..."

"ஓம்" என்றார் ராத்தா. "நிக்கிறாங்க."

நான் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு எங்கள் முன் கேட்டுக்குப் போனேன். பள்ளிவாசல் விட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரர், சலூன்காரர், என் வாப்பா. அஸ்பியா ராத்தா வீட்டு முன் கேட் திறந்தது. மீராசா மரைக்கார் வெளியே வந்தார்.